இ-சிகரெட் லிக்விடை நாமே கலப்பதா, கலந்து விற்பதை வாங்குவதா?

கானாடுகாத்தான் தம்பி எழுதியது:

வணக்கம். விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும். கேள்வி எனக்கில்லை, எங்கள் அத்தானுக்கு.

அத்தான் இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறார். காலேஜ் நாளிலிருந்தே சிகரெட். அக்கா அழுது பார்த்தது, சண்டை போட்டுப் பார்த்தது, ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அங்கே சிகரெட்டை விட உதவி செய்கிற மையத்தில் வேப் (இ-சிகரெட் கருவி) கொடுத்து இதற்கு மாறிக்கொள்ளுங்கள் என்றார்கள், மாறிவிட்டார். இப்போது வீட்டில் சிகரெட் வாடையே கிடையாது, காலையில் எழுந்ததும் வரும் இருமலும் நின்றுவிட்டது என்று அக்கா சொல்கிறது, அந்த வகையில் எங்கள் எல்லோருக்கும் நிம்மதிதான்.

இதுவரை கடையில் கலந்து விற்கிற பத்து மில்லி பாட்டில்தான் வாங்கிக்கொண்டிருந்தார். 2026 அக்டோபர் 1 முதல் பத்து மில்லிக்கு 2.20 பவுண்டு வரி என்று அந்த நாட்டு அரசு அறிவித்ததிலிருந்து உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். கிளிசரின் தனி, ப்ரொப்பிலீன் கிளைகால் தனி, ஃப்ளேவர் தனி, நிகோடின் தனி என்று வாங்கி நானே கலந்தால் செலவு பாதிக்கும் கீழே வந்துவிடும் என்கிறார். "நம் வீட்டில் மிளகாய்ப்பொடியைப் பாக்கெட்டிலா வாங்குகிறோம்? மிளகாயும் மல்லியும் காயவைத்து மில்லில் கொடுத்து அரைக்கிறோம், உள்ளே என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியும், இதுவும் அப்படித்தான்" என்பது அவருடைய வாதம். கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. மாசியில் படைப்புக்கு (பங்காளிகள் கூடிச் சாமிக்குப் படைக்கிற வீட்டு விசேஷம்) ஊருக்கு வருகிறார், ஒரு மாதம் போல இருப்பார். காரைக்குடி மெடிக்கல் ஷாப்பில் கிளிசரினும், மளிகைக்கடையில் ரோஸ், ஏலக்காய், பைனாப்பிள் எசன்ஸும் வாங்கி வை, நிகோடினை மட்டும் நான் கொண்டுவருகிறேன், அங்கேயே கலந்துகொள்ளலாம் என்று போனில் சொன்னார். வாங்கி வைப்பதா, வேண்டாமா? படைப்பு சமயத்தில் பங்காளி வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் எங்கள் வளவில்தான், அதாவது வீட்டு முற்றத்தில்தான் கிடக்கும், அதையும் நினைத்துத்தான் தயங்குகிறேன்.

கண்டனூர்க்காரன் (பர்மிங்ஹாம்) எழுதியது:

தம்பி, நான் இங்கே பல வருஷமாக நானே கலந்துதான் பயன்படுத்துகிறேன், அதனால் கலப்பதே தப்பு என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த மிளகாய்ப்பொடிக் கணக்கை அத்தான் முதலில் விட்டுவிட வேண்டும். மிளகாய்ப்பொடி வயிற்றுக்குப் போகிறது, இது நெஞ்சுக்குள் போகிறது. சாப்பிட்டால் ஒன்றும் செய்யாத பொருள் எத்தனையோ, சூடாக்கி உள்ளே இழுத்தால் நுரையீரலைக் கெடுத்துவிடும். 2019இல் அமெரிக்காவில் வேப் இழுத்தவர்கள் திடீர் திடீரென்று மூச்சுத்திணறி ஆஸ்பத்திரிக்குப் போனார்களே, 2020 பிப்ரவரிவரை 2,807 பேர் சேர்க்கப்பட்டு 68 பேர் இறந்ததாக அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் கணக்குச் சொன்னது. பெரும்பாலும் கஞ்சாச் சத்து கலந்த கள்ளச் சந்தை கார்ட்ரிட்ஜ்தான் காரணம். அதைக் கெட்டியாகக் காட்டுவதற்குச் சேர்த்திருந்தது விட்டமின் இ அசிடேட். மாத்திரையில் சாப்பிடுகிற, முகத்துக்குத் தடவுகிற அதே சங்கதி.

சரி, கலப்பது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன், அப்போதுதான் முடிவெடுக்க முடியும். அடிப்படை இரண்டு: கிளிசரின், ப்ரொப்பிலீன் கிளைகால். கிளிசரின் கெட்டி, பாட்டிலைக் கவிழ்த்தால் நூலாக இழுத்துக்கொண்டு மெதுவாக இறங்கும், புகை நிறைய வருவது அதனால்தான். கிளைகால் தண்ணீர் மாதிரி ஓடும், தொண்டையில் அந்த 'கிக்' கொடுப்பதும் ஃப்ளேவரைத் தூக்கிக்கொண்டு வருவதும் அது. சின்னப் பாட் கருவிக்கு (லிக்விட் இருக்கிற சின்னக் கூட்டை, அதாவது 'பாட்'டை, மாட்டி இழுப்பது) பாதிக்குப் பாதி, பெரிய டேங்குக்கு 70 பங்கு கிளிசரின், 30 பங்கு கிளைகால் என்று போடுவார்கள். ஃப்ளேவர் செறிவைப் பொறுத்து 10 முதல் 20 சதவீதம்வரை. கலந்து குலுக்கிவிட்டு இருட்டான இடத்தில் வைக்க வேண்டும். பழ வகை சில நாளில் சரியாகிவிடும், கஸ்டர்டு, பால் வகைக்கு இரண்டு மூன்று வாரம்கூட ஆகும்.

இத்தனையும் சுலபம்தான். வினை எல்லாம் நிகோடினில் இருக்கிறது. இங்கே மில்லிக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் செறிவுள்ள நிகோடின் லிக்விடைப் பொதுமக்களுக்கு விற்கக் கூடாது, பாட்டிலும் பத்து மில்லிக்கு மேல் இருக்கக் கூடாது. 2016இல் வந்த சட்டம். அதனால் நாங்கள் வாங்குவது 'நிக் ஷாட்' என்கிற பத்து மில்லி பாட்டில், பெரும்பாலும் மில்லிக்கு 18 மில்லிகிராம். 60 மில்லி பாட்டிலில் 50 மில்லி நிகோடின் இல்லாத லிக்விடை அடைத்து விற்பார்கள், அதில் ஒரு ஷாட்டை ஊற்றினால் 180ஐ 60ஆல் வகுத்து மில்லிக்கு 3 மில்லிகிராம். இதைத் தப்பாகச் செய்யவே முடியாது. புதிதாக இறங்குகிறவர்கள் இந்த அளவோடு நின்றுகொள்வது நல்லது என்பதுதான் என் அபிப்பிராயம். எங்கேயோ இணையத்தில் பிடித்து 72 மில்லிகிராம், 100 மில்லிகிராம் என்று செறிந்த நிகோடினை வரவழைக்கிறவர்களும் இருக்கிறார்கள், விலை மலிவு என்று. அந்த ஒரு பாட்டில் வீட்டுக்குள் வந்தாலே பிரச்சினைதான். தோலில் பட்டாலே உடம்புக்குள் இறங்கும் பொருள் அது, தலைசுற்றல், வாந்தி, படபடப்பு என்று ஆரம்பிக்கும். தசமப் புள்ளி ஒரு இடம் தள்ளிப்போனால் பத்து மடங்கு.

அத்தான் இப்போது என்ன செறிவு இழுக்கிறார்? அது தெரியாமல் மிச்சம் பிடிக்க முடியுமா என்று சொல்ல முடியாது. கேட்டுச் சொல்லுங்கள்.

மருந்துக்கடைக்காரர் (காரைக்குடி) எழுதியது:

ஊரில் வாங்கி வைக்கிற விஷயத்துக்கு நான் பதில் சொல்கிறேன். வாங்கி வைக்காதீர்கள்.

முதலில் சட்டம். தமிழ்நாட்டில் இ-சிகரெட்டுக்கு 2018லேயே தடை வந்துவிட்டது. நாடு முழுவதற்கும் 2019 செப்டம்பரில் அவசரச் சட்டம், டிசம்பரில் முழுச் சட்டம். தயாரிப்பது, இறக்குமதி செய்வது, விற்பது, விளம்பரம் செய்வது எல்லாம் குற்றம், முழுக் கருவியாக இருந்தாலும் சரி, அதன் ஒரு பகுதியாக இருந்தாலும் சரி. நிகோடின் இல்லை என்று சொல்லியும் தப்ப முடியாது, நிகோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் என்றே சட்டத்தில் எழுதியிருக்கிறது. முதல் தடவைக்கு ஓராண்டுவரை சிறை அல்லது ஒரு லட்சம்வரை அபராதம் அல்லது இரண்டும், மறுபடி என்றால் மூன்றாண்டு, ஐந்து லட்சம். சரக்கைச் சேமித்து வைப்பதற்குத் தனியாக ஆறு மாதம், ஐம்பதாயிரம். எந்த அளவில், எந்த விதத்தில் வைத்திருந்தாலும் சட்ட மீறல்தான் என்று சுகாதார அமைச்சகம் 2023இல் விளக்கமும் கொடுத்துவிட்டது. அத்தான் சொந்தத்துக்குத்தானே வைத்திருக்கிறார் என்று கஸ்டம்ஸில் வாதாட முடியாது. உங்கள் வீட்டில் கலந்தால் அதற்கு நீங்களும் பொறுப்பாகிறீர்கள்.

அடுத்து, கிளிசரின். எங்கள் கடையில் இருப்பது உதட்டு வெடிப்புக்கும் தோலுக்கும் போடுகிறவர்கள் கேட்பது. பாட்டிலில் ஐ.பி. என்று போட்டிருந்தால் இந்திய மருந்து நூல் சொல்கிற தரம், அது நல்லதுதான், ஆனால் தடவவும் மருந்தில் சேர்க்கவும் என்று பார்த்த தரம், சூடாக்கி இழுப்பதற்கு என்று யாரும் சோதித்ததில்லை. சில பாட்டிலில் பன்னீர் கலந்திருக்கும், முன்பக்கம் பெரிதாகக் கிளிசரின் என்றுதான் இருக்கும், பின்னால் பொடி எழுத்தைப் படித்தால்தான் தெரியும். ப்ரொப்பிலீன் கிளைகாலோ எங்களிடம் கிடையவே கிடையாது. கெமிக்கல் கடையில் கிடைக்கும், பெயின்ட் கம்பெனிக்கும் மற்ற தொழிற்சாலைக்கும் போகிற சரக்கு.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2025இல் இருமல் மருந்து குடித்து மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன. மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்ததில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால். ப்ரொப்பிலீன் கிளைகால் இருக்க வேண்டிய மருந்தில் விஷம். 1937இல் அமெரிக்காவில் நூறு பேருக்கு மேல் இதில்தான் போனார்கள், 1972இல் சென்னையிலேயே குழந்தைகள் இறந்திருக்கின்றன. இ-சிகரெட்டிலும் இது புதிதில்லை, 2009இல் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. சோதித்த கார்ட்ரிட்ஜ்களில் ஒன்றில் சுமார் ஒரு சதவீதம் இருந்தது. ப்ரொப்பிலீன் கிளைகால், அந்த விஷம், இரண்டும் நிறமில்லாதது, இரண்டும் இனிப்பு, கையில் தொட்டால் ஒரே வழுவழுப்பு. முப்பது வருஷம் மருந்துக் கடையில் நின்றவனுக்கும் கண்ணால் பார்த்துப் பிரித்துச் சொல்ல வராது, ஆய்வகம் வேண்டும். வீட்டில் கலக்கிறவருக்கு அந்த ஆய்வகம் எங்கே இருக்கிறது?

எசன்ஸைப் பற்றி ஒரே வார்த்தை. பாயசத்துக்கும் ஐஸ்கிரீமுக்கும் செய்தது, உள்ளே எண்ணெய், சாயம், சர்க்கரை எது வேண்டுமானாலும் இருக்கலாம். எண்ணெய்த் துளி நுரையீரலில் தங்கினால் ஒரு வகை நிமோனியா வரும், ஆன்டிபயாட்டிக்குக் கேட்காது.

தேவகோட்டை ஆச்சி எழுதியது:

எனக்குக் கெமிக்கல் கணக்கெல்லாம் தெரியாது, ஆனால் படைப்பு வீடு எப்படி இருக்கும் என்று தெரியும். முகப்பில் ஆம்பிளைகள், இரண்டாங்கட்டில் சமையல்காரர்கள், நடுவில் வளவு முழுக்கப் பிள்ளைகள். யார் பெட்டி யாருடையது என்று பார்க்க முடியாது. ஒரு கைப்பையைத் தூணடியில் வைத்துவிட்டு இலை போடப் போனால், திரும்பி வருவதற்குள் ஒரு பிள்ளை அதைத் திறந்து ஒவ்வொன்றாகத் தரையில் அடுக்கியிருக்கும்.

அந்தப் பத்து மில்லி பாட்டிலை நான் பார்த்திருக்கிறேன். என் மருமகன் வழியில் ஒருவர் மலேசியாவிலிருந்து கொண்டுவந்திருந்தார். கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்துப் பாட்டில் எப்படி இருக்குமோ அச்சு அசல் அப்படியே இருந்தது, அதே உயரம், அதே கூர் மூக்கு. மேலே மாம்பழப் படம். மூடியைத் திறந்தால் மாம்பழ மிட்டாய் வாசனை. எங்கள் வீட்டில் பெரிய ஆயாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகி நாலு வேளை சொட்டு மருந்து விடுகிறோம், அதை யார் விடுகிறார்கள்? கைக்கு அகப்பட்ட பேத்தி விடும். இரண்டு பாட்டிலும் ஒரே அலமாரியில் இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்குக் கை நடுங்குகிறது.

கடைப் பாட்டிலிலாவது பிள்ளைகள் திறக்க முடியாதபடி அழுத்தித் திருகுகிற மூடி இருந்தது. வீட்டில் கலக்கிறவர்கள் எதில் ஊற்றி வைப்பார்கள் தம்பி? கையில் கிடைத்த பாட்டிலில்தானே, மேலே பெயர்கூட எழுதாமல். அதுதான் எனக்குப் பயம்.

கண்டனூர்க்காரன் (பர்மிங்ஹாம்) எழுதியது:

ஆச்சி சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. 2014இல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு வயதுக் குழந்தை நிகோடின் லிக்விடைக் குடித்து இறந்தது. அதற்கப்புறம்தான் அமெரிக்கா முழுவதும் பிள்ளைகள் திறக்க முடியாத மூடி கட்டாயம் என்று சட்டம் போட்டார்கள். மில்லிக்கு 20 மில்லிகிராம் என்றால் அந்தச் சின்னப் பாட்டிலுக்குள் 200 மில்லிகிராம் நிகோடின். ஒரு சின்னக் குழந்தைக்கு அதில் ஒரு மடக்கே ஆபத்து. நானே கலக்கிறேன் என்றாலும் எங்கள் வீட்டில் நிகோடின் பூட்டிய பெட்டியில்தான் இருக்கிறது, கையுறை இல்லாமல் தொடுவதில்லை, கலந்த பாட்டிலில் தேதியும் செறிவும் எழுதி ஒட்டாமல் மேஜையை விட்டு எழுந்திருப்பதில்லை. இந்த மூன்றையும் செய்ய அத்தானுக்குப் பொறுமை இல்லை என்றால் அவர் கலக்கவே வேண்டாம்.

சிக்ரி பக்கம் எழுதியது:

நான் காரைக்குடி சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மின்வேதியியல் ஆள், புகை விஷயம் என் துறை இல்லை, அளப்பதும் உலோகமும் என் துறை. அந்த இரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கலக்கிறவர்கள் ஊசிக் குழாயில் மில்லி பார்த்து ஊற்றுவதைப் பார்க்கிறேன். கிளிசரின் ஒட்டும், குழாயின் சுவரில் எப்போதும் கொஞ்சம் தங்கிவிடும், காற்றுக் குமிழி ஏறிக்கொள்ளும், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவு வரும். 0.01 கிராம் காட்டுகிற மின்தராசு வாங்கி எடையில் கலப்பதுதான் முறை. ஒரு மில்லி கிளிசரின் 1.26 கிராம், ப்ரொப்பிலீன் கிளைகால் 1.04 கிராம், இதைத் தெரிந்துகொண்டால் போதும். பாட்டிலைத் தராசில் வைத்துப் பூஜ்யம் ஆக்கி ஒவ்வொன்றாகச் சொட்ட வேண்டும். நிகோடினைக் கடைசியில் சேர்க்காதீர்கள், முதலில் சேர்த்துவிட்டால் கூடிப்போனாலும் மற்றதைக் கூட்டி ஈடு செய்யலாம்.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிகோடின் வெளிச்சத்திலும் சூட்டிலும் காற்றுப் பட்டுப் பழுப்பாகிவிடும். மாசி பங்குனியில் நம் ஊர்க் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு பாட்டிலை வைத்தால் என்ன நிறத்தில் திரும்பக் கிடைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது காயில். நிக்ரோமோ காந்தலோ (Kanthal), ஏதோ ஒரு உலோகக் கலவைக் கம்பிச் சுருள், திரவம் அதன் மேல் ஊறிக்கொண்டே இருக்கிறது, சூடாகிறது, ஆறுகிறது, மறுபடி சூடாகிறது. 2018இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் பயனாளர்களின் சொந்தக் கருவிகளையே வாங்கிச் சோதித்தார்கள். பாட்டிலில் இருந்த திரவத்தைவிட, காயிலைத் தொட்ட பின் வந்த ஆவியில் ஈயம், நிக்கல், குரோமியம் பல மடங்கு கூடியிருந்தது. நீங்கள் எவ்வளவு சுத்தமாகக் கலந்தாலும் இது மாறப்போவதில்லை. இனிப்புக்காகச் சுக்ரலோஸ் கூட்டினால் காயிலில் கருப்பாகப் படிந்து, அந்த இடம் காய்ந்து, கிளிசரின் வெந்து ஆல்டிஹைடு வரும், தொண்டையைக் கீறுகிற அந்தத் தீய்ந்த வாடை அதுதான். சொந்தமாகக் கலக்கிறவர்களுக்கு இனிப்பைக் குறைத்துக்கொள்ள முடிகிறது என்பது ஒரு உண்மையான லாபம், அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஃப்ளேவரிலும் கவனம் வேண்டும். வெண்ணெய், கஸ்டர்டு வாசனைக்குப் பயன்படும் டைஅசிட்டைல் என்ற பொருள், மிசௌரியில் பாப்கார்ன் தொழிற்சாலை ஆட்களின் நுரையீரலைக் கெடுத்த பொருள். சாப்பிட்டவர்களுக்கு ஒன்றுமில்லை, ஆவியை மூச்சில் இழுத்த வேலையாட்களுக்குத்தான் நோய். இங்கிலாந்தில் நிகோடின் லிக்விடில் அதைச் சேர்க்கத் தடை. கலந்து விற்கும் லிக்விட் என்றால் கம்பெனி முன்கூட்டியே உட்பொருள் பட்டியலை அரசு மருந்துத் துறைக்குக் கொடுத்தாக வேண்டும். நிகோடின் இல்லாத வெறும் ஃப்ளேவர் சாறு அந்தச் சட்டத்துக்குள் வராது என்று கேள்விப்படும்போது எனக்குப் பாட்டில் வாங்குவதே மேல் என்று தோன்றுகிறது. கூடக் கொடுக்கிற காசு அந்தப் பரிசோதனைக்கு.

அரிமளத்தார் (கோலாலம்பூர்) எழுதியது:

சிக்ரி ஐயா சொல்வது இங்கிலாந்துக்குப் பொருந்தும். எல்லா நாட்டிலும் கலந்து விற்கிற பாட்டில் என்றாலே சோதித்தது என்று நினைக்க வேண்டாம். இங்கே மலேசியாவில் 2023 மார்ச் 31 அன்று நிகோடின் லிக்விடை விஷப் பொருள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள், கட்டுப்பாட்டுச் சட்டம் அமலுக்கு வந்தது 2024 அக்டோபரில்தான், இடைப்பட்ட காலத்தில் பதினெட்டு வயது ஆகாத பிள்ளைக்கும் விற்கலாம் என்ற நிலை. அப்போது கடையில் இருந்த பாட்டிலை நான் நம்பவில்லை. ஆகவே எங்கே வாங்கிய பாட்டில் என்பதுதான் முதல் கேள்வி, நாமே கலந்ததா, கலந்து வாங்கியதா என்பது அப்புறம்.

சிங்கப்பூர் வழியாகத் திருச்சி வருகிற யோசனை இருந்தால் இன்னும் மோசம். அங்கே 2018 பிப்ரவரி 1 முதல் கையில் வைத்திருந்தாலே குற்றம், 2025 செப்டம்பரிலிருந்து தண்டனையை இன்னும் இறுக்கிவிட்டார்கள்.

கானாடுகாத்தான் தம்பி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஆச்சி, நீங்கள் எழுதியதை அக்காவுக்கு அப்படியே அனுப்பிவிட்டேன். படித்துவிட்டு அரைமணி நேரத்தில் போன் பண்ணியது, எதையும் வாங்கி வைக்காதே என்று. அத்தானிடமும் பேசினேன். அவர் இழுப்பது சின்னப் பாட் கருவியாம், லிக்விட் 'நிக் சால்ட்' (நிகோடின் உப்பு வகை), மில்லிக்கு 20 மில்லிகிராம். புதினா வகை. அதை அப்படியே வீட்டில் செய்ய முடியுமா என்று கண்டனூர் அண்ணனைக் கேட்கச் சொன்னார். ஊருக்குக் கொண்டுவரக் கூடாது என்பதை ஒத்துக்கொள்கிறார், ஆனால் ஒரு மாதம் எதுவும் இல்லாமல் இருந்தால் மறுபடி கடைத்தெருவில் சிகரெட்டுக்குப் போய்விடுவேனோ என்று பயப்படுகிறார். அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது.

கண்டனூர்க்காரன் (பர்மிங்ஹாம்) எழுதியது:

இதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டேன். 20 மில்லிகிராம் ஆளுக்கு வீட்டில் கலப்பதால் ஒரு பைசா லாபம் கிடையாது. சட்டப்படி வாங்கக்கூடிய நிக் ஷாட்டே அதிகபட்சம் 20தான். அதில் ஒரு சொட்டு ஃப்ளேவர் விட்டாலும் 20க்குக் கீழே இறங்கிவிடும். அப்புறம் 20க்கு எங்கே போவார்? செறிந்த நிகோடினைத் தேடிக் கள்ளச் சந்தைக்குப் போக வேண்டும், வேறு வழியே இல்லை. அங்கே போகவே கூடாது.

இறங்கி வந்து 12 மில்லிகிராம் போதும் என்றாலும் பாருங்கள், 100 மில்லிக்கு 1,200 மில்லிகிராம் வேண்டும், 18ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 67 மில்லி, அதாவது ஏழு நிக் ஷாட் பாட்டிலை உடைக்க வேண்டும். ஃப்ளேவருக்கு 15 மில்லி போனால் நாம் ஊற்ற மிச்சம் இருப்பது 18 மில்லிதான். நாம் கலக்கிறோம் என்று பெயர், முக்கால்வாசி கடைச் சரக்கு. 3 மில்லிகிராம் இழுக்கிறவருக்கு மட்டும்தான் 100 மில்லிக்கு 17 மில்லி நிகோடினோடு முடிகிறது, நான் மிச்சம் பிடிப்பதும் அதனால்தான். 3 மில்லிகிராமுக்குப் பெரிய டேங்க் கருவி வேண்டும், அத்தானுடைய பாட் கருவிக்கு அது ஒத்துவராது, லிக்விட் செலவும் பல மடங்கு. வரியும் நிகோடின் எவ்வளவு என்று பார்த்து வருவதில்லை, மில்லிக் கணக்கில் வருகிறது, ஆக நிறைய ஊதுகிறவருக்குத்தான் வரியும் நிறைய.

அத்தானுக்கு என் யோசனை, இப்போது வாங்குகிற இடத்திலேயே, கலந்த பாட்டிலாகவே, 20லிருந்து 10க்கு இறங்கச் சொல்லுங்கள். செறிவு குறைந்தால் அடிக்கடி இழுக்கத் தோன்றும், கொஞ்ச நாளில் அடங்கும். சிகரெட் ஞாபகம் வந்தால் மறுபடி 20க்கே போகட்டும், அவசரமில்லை. சிகரெட்டைவிட வேப் கெடுதல் குறைவு என்று இங்கே அரசு மருத்துவத் துறை சொல்கிறது, கெடுதலே இல்லை என்று சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். என்றைக்காவது இதையும் விடுகிற எண்ணம் இருக்கிறவர் புதிதாகத் தராசும் பாட்டிலும் வாங்கி வீட்டில் பட்டறை போட வேண்டாம்.

மருந்துக்கடைக்காரர் (காரைக்குடி) எழுதியது:

ஊரில் இருக்கிற மாதத்துக்கு வழி இருக்கிறது, பயப்பட வேண்டாம். நிகோடின் கம் இங்கே சட்டப்படி கிடைக்கிறது, 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என்று இரண்டு அளவு. லெஸ்டரில் அதே மையத்தில் சொன்னால் பேட்ச் பற்றியும் சொல்வார்கள், காலையில் ஒன்று ஒட்டிக்கொண்டு இடையில் தவிப்பு வரும்போது கம் மெல்லலாம். எத்தனை, எந்த அளவு என்பதைப் புறப்படும் முன்பே அங்கே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள், ரத்த அழுத்தம், இதயக் கோளாறு ஏதாவது இருந்தால் அவசியம் சொல்ல வேண்டும்.

கம்மை நம் ஆட்கள் சூயிங்கம் மாதிரி விடாமல் மென்றுவிட்டு விக்கல் வருகிறது, வயிறு எரிகிறது என்று திருப்பிக் கொண்டுவருகிறார்கள். மெதுவாக மெல்ல வேண்டும், காரமாக, சுரீர் என்று ஒரு உணர்வு வந்ததும் நிறுத்திக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும், அது அடங்கியதும் மறுபடி. இப்படி அரைமணி நேரம். காபி குடித்த வாயோடு மெல்லக் கூடாது, வாய் புளித்திருந்தால் நிகோடின் உள்ளே ஏறாது. பதினைந்து நிமிஷம் இடைவெளி வேண்டும். படைப்பு வீட்டில் மணிக்கொரு தரம் காபி வரும், அத்தானுக்கு அதை மட்டும் ஞாபகப்படுத்துங்கள். மென்ற கம்மையும் பிள்ளைகள் எடுக்காதபடி தாளில் சுருட்டித்தான் போட வேண்டும், அதிலும் நிகோடின் மிச்சமிருக்கும்.

தவிப்பு தாங்க முடியவில்லை என்றால் 1800 11 2356 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம், புகையிலையை விட உதவும் தேசிய இலவச எண். பெங்களூரு நிம்ஹான்ஸில் தமிழிலும் பேசுகிறார்கள்.

கானாடுகாத்தான் தம்பி எழுதியது:

எழுதி வைத்துக்கொண்டேன். 10 மில்லிகிராம் பாட்டிலை இந்த வாரமே வாங்கிப் பார்க்கிறேன் என்று அத்தான் சொல்லிவிட்டார். கருவியை லெஸ்டரிலேயே விட்டுவிட்டு வருகிறார், டிக்கெட் துபாய் வழி, திருச்சி வேண்டாம் என்று சென்னைக்குப் போட்டிருக்கிறார். ஒன்றே ஒன்று, அவர் கோட்டுப் பையில் பழைய பாட் ஏதாவது கிடந்தால்?

மருந்துக்கடைக்காரர் (காரைக்குடி) எழுதியது:

காலிப் பாட் என்றாலும் சட்டப்படி அது கருவியின் பகுதிதான். கிளம்புகிற அன்றைக்கு எல்லாப் பையையும் கவிழ்த்துப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள், அக்காவையே பார்க்கச் சொன்னால் இன்னும் நல்லது.